கீழே இறங்கினால்தான் பயாலஜியா?

கொடைக்கானல் வட்டாரத்தில் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுக்கும் பிள்ளையின் வீட்டில் ஜூன் மாதமே ஒரு முடிவு ஆகிவிடுகிறது. பயாலஜிக்கு டியூஷன் வைக்க வேண்டும். மலையில் அதற்கு ஆள் கிடையாது. ஆகவே பிள்ளையைக் கீழே அனுப்ப வேண்டும். 'கீழே' என்பது மலைக்காரர் வழக்கில் காட்ரோடு இறங்கியபின் வரும் அத்தனை ஊரையும் குறிக்கும். கோச்சிங் சென்டர் பேச்சில் அது மதுரை, திண்டுக்கல், நாமக்கல். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு வரை இதற்கு மாற்றுப் பேச்சு அரிது. பூண்டு விற்ற காசும் காப்பி விற்ற காசும் இந்த முடிவின் பின்னாலேயே மலையிறங்குகின்றன.

இந்த முடிவை நான்கு நம்பிக்கைகள் தாங்குகின்றன. கோச்சிங் இல்லாமல் இனி எதுவும் நடக்காது என்பது முதலாவது. மேல்நிலை உயிரியல் எங்கும் ஒரே பாடம், ஒரே வகை ஆசிரியர் எல்லோருக்கும் போதும் என்பது இரண்டாவது. அது மனப்பாடப் பாடம் என்பது மூன்றாவது. மலையில் அதைச் சொல்லித்தர ஆளும் இல்லை, வசதியும் இல்லை என்பது நான்காவது. முதலாவது பாதி உண்மை. மற்ற மூன்றும் தவறு. தேடுகிறவர்கள் எதைத் தேடுகிறோம் என்று வரையறுக்காமல் தேடுவதால்தான் ஆள் கிடைக்காமல் போகிறது.

கோச்சிங் வாதத்தின் பலம்

எதிர்த்தரப்பின் கையில் உள்ள வலுவான சான்று நீட் தேர்வு. தமிழ்நாட்டில் 2017 முதல் மருத்துவச் சேர்க்கை இந்தத் தேர்வின் வழியாகவே நடக்கிறது. இதன் விளைவை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, 2016-17இல் மருத்துவ இடம் பெற்றவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள். 2020-21இல் இந்தப் பங்கு 71 விழுக்காட்டைத் தாண்டியது. பள்ளி முடித்த கையோடு இடம் பிடிப்பவர்கள் குறைந்து, ஓராண்டோ ஈராண்டோ கூடுதலாகப் படித்த 'ரிப்பீட்டர்'கள் பெருகிவிட்டார்கள். கோச்சிங் பலன் தருகிறது என்பதை இதற்கு மேல் மறுக்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்கு காட்டுவது எதை? பள்ளி முடிந்தபின் கிடைக்கும் ஒரு முழு ஆண்டும், வாரந்தோறும் எழுதும் மாதிரித் தேர்வும் மதிப்பெண்ணைக் கூட்டுகின்றன என்பதைத்தான். அந்த ஆண்டில் உயிரியல் நன்றாகச் சொல்லித்தரப்பட்டது என்பதற்கு இது சான்றாகாது. நேரமும் மாதிரித் தேர்வும் மலையில் கிடைக்காத சரக்குகள் அல்ல. மேலும், ரிப்பீட்டர் என்பவர் பள்ளியை முடித்தவர். பதினைந்து வயதில் பதினொன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளையைக் கீழே அனுப்புவதற்கு அவரைச் சான்று காட்டுவது பொருந்தாது. பதினாறு வயது நிரம்பாதவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது என்று ஒன்றிய அரசின் 2024 ஜனவரி வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன.

அரசுப் பள்ளி மாணவருக்கு இன்னொரு நேரடி இழப்பு உண்டு. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடாகக் கிடைக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை மலையில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைக் கோச்சிங்கோடு சேர்ந்த தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், கையில் இருந்த உரிமையை விட்டுவிட்டு வெறும் வாய்ப்பு ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஒரு பெயர், மூன்று பாடங்கள்

'பயாலஜிக்கு நல்ல சார் யாராவது இருக்கிறார்களா' என்ற கேள்வியே குறையுள்ளது. எந்தத் தேர்வுக்கு என்பது அதில் இல்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியல், உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண் 35, 35 என்று பங்கிடப்படுகிறது. செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. இங்கே மாணவர் எழுதிக் காட்ட வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் விடையில் எது முதலில், எது பின்னால் என்ற ஒழுங்கு வேண்டும். இவருக்குத் தேவை விடைத்தாளைத் திருத்திப் பழகிய கை.

நீட் தேர்வில் 720க்கு 360 மதிப்பெண் உயிரியலுக்கு உரியது. 90 கேள்விகள், சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. எழுத வேண்டியது ஒன்றும் இல்லை. நான்கு விடைகளில் மூன்றை ஏன் தள்ளுகிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வருகின்றன. ஆகவே இந்தத் தேர்வின் மூன்று பாடங்களில் தானே படித்துத் தேறக்கூடியது உயிரியல்தான். இயற்பியலுக்கு ஆள் இல்லாத குறையை உயிரியலின் தலையில் கட்டி, இரண்டுக்குமாகப் பணம் கட்டுகிற குடும்பங்கள் ஏராளம்.

மூன்றாவது, கொடைக்கானலுக்கு நெருக்கமான ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டம். 1901இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, 1976இல் இந்தியாவில் முதன்முதலாக இதைக் கொண்டுவந்தது. இதன் உயர்நிலை உயிரியலுக்கு 240 மணி நேர வகுப்பு. மதிப்பெண்ணில் 20 விழுக்காடு, மாணவர் தாமே கேள்வி அமைத்து, தாமே தரவு திரட்டி, 3,000 சொல்லுக்குள் எழுதும் ஆய்வறிக்கைக்கு உரியது. இதற்கு நீட் கோச்சிங் சென்டரில் வழியே இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கப் பழக்கிய ஆசிரியர், விடை எதுவென்று யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியோடு மாணவரை ஆறு வாரம் நடத்திச் செல்லப் பழகியிருக்க மாட்டார். அதைவிட ஆபத்து, அறிக்கையைத் தாமே எழுதித் தருகிற டியூஷன். அது பிடிபட்டால் மாணவருக்குப் பட்டயமே போகும்.

ஆக, மூன்று தேர்வுக்கும் மூன்று வகை ஆசிரியர். ஒரு தேர்வில் பெயர் எடுத்தவர் இன்னொன்றுக்கு உதவாமல் போவது சாதாரணம். ஊர் எது என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரும்.

மனப்பாடப் பாடம் என்ற கணக்கு

உயிரியல் மனப்பாடப் பாடம் என்பது பழைய நம்பிக்கை. இயற்பியலில் கணக்கு உண்டு, வேதியியலில் சமன்பாடு உண்டு, உயிரியலில் பெயர்கள்தான் உண்டு என்று அது சொல்கிறது. பெயர்கள் நிறைய உண்டு என்பது சரி. பெயர்களோடு பாடம் முடிந்துவிடுகிறது என்பதுதான் தவறு.

சுவாசம் பற்றிய பாடத்தில் உள்ள அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வளிமண்டலத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 159 மி.மீ. பாதரசம், நுரையீரல் காற்றறையில் 104, திசுக்களில் 40. கொடைக்கானலில் படிக்கும் மாணவரும் இதையே ஒப்பிக்கிறார். ஆனால் 159 என்பது கடல்மட்டத்தின் எண். கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 78 விழுக்காடு அளவே. எனவே அந்த மாணவர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 159 அல்ல, 124 அளவுதான். அட்டவணையின் முதல் எண்ணே அவருக்குப் பொருந்தவில்லை.

இதைச் சுட்டிக்காட்டுகிற ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போகலாம். இவ்வளவு குறைந்தும் மலைக்காரருக்கு ஏன் மூச்சு முட்டவில்லை? ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் வளைகோட்டை வரைந்தால் விடை கிடைக்கும். அந்தக் கோடு நெளிந்து ஏறி மேலே தட்டையாகிறது. காற்றறையின் அழுத்தம் 104இலிருந்து 65, 70க்கு இறங்கினாலும் ஹீமோகுளோபின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறைந்தே இருக்கும். பின் ஏன் மதுரையிலிருந்து வந்தவர் பேருந்து நிலையத்திலிருந்து மேடேறும்போது இளைக்கிறார்? உழைக்கும் தசைக்கு அந்தச் சிறு குறைவும் கணக்காகிறது. மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு ஏன் அவ்வளவு இளைப்பதில்லை? இங்கே சிறுநீரகம், எரித்ரோபாயிடின், சிவப்பணு உற்பத்தி என்று மூன்று பாடங்கள் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. ஒரே ஒரு எண்ணைக் கேள்வி கேட்டதன் பலன் இது. வளைகோடு ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று இப்படிப் புரிந்தவர், கூற்று-காரணம் கேள்வி எந்தப் பக்கம் திரும்பி வந்தாலும் தடுமாற மாட்டார். எண்ணை மட்டும் ஒப்பித்தவர் வாக்கியத்தைச் சற்றே மாற்றினால் விழுந்துவிடுவார்.

மனப்பாடத்தையே நம்பினால் இன்னொரு சிக்கல் உண்டு. பாடப்புத்தகம் நிலையானதல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியலின் முதல் அத்தியாயத்தில் எடுத்துக்காட்டாக இருந்தது. பாடச்சுமைக் குறைப்பில் அந்த அத்தியாயமே நீக்கப்பட்டது. பழனி மலையில் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. 2030இல் மறுபடி பூக்கும். புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்து அது பூப்பதில்லை. ஏன் ஒரு செடி பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, ஒரே நேரத்தில் மலை முழுதும் பூத்து, விதைத்து, மடிய வேண்டும் என்ற கேள்வி, அத்தியாயம் போனபின்னும் உயிரியல் கேள்வியாகவே இருக்கிறது.

மலையில் வசதி இல்லை என்ற வாதம்

மலையில் வசதி இல்லை என்பவர்கள் வசதி என்று எண்ணுவது குளிரூட்டிய அறையும், கட்டுக்கட்டான வினாத்தாளும். உயிரியலுக்கு வசதி என்பது உயிருள்ள பொருள். அந்தக் கணக்கில் கோச்சிங் சென்டர் இருக்கும் தெருதான் ஏழை.

மைட்டாசிஸ் செல்பகுப்பைப் பார்க்க வெங்காய வேர்நுனி என்று செய்முறைப் புத்தகம் சொல்கிறது. மேல்மலை வீடுகளில் வெங்காயத்துக்குப் பதில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டையில் இருக்கும். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 16. பூண்டுப் பல்லைத் தண்ணீர் படும்படி வைத்தால் சில நாளில் வேர் விடும். நுனியை வெட்டி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, நசுக்கிப் பார்த்தால் புத்தகப் படங்கள் உயிரோடு தெரியும். இதற்குப் பள்ளி நுண்ணோக்கி போதும்.

அடுத்த கேள்வி பூண்டிலிருந்தே எழும். பூண்டை விதை போட்டு யாரும் வளர்ப்பதில்லை, பல்லை நடுகிறார்கள். அப்படியானால் தோட்டம் முழுதும் ஒரே மரபணு. ஒரு நோய் வந்தால்? இதற்கு விடை கீழ்மலையில் இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழையும் கிழங்கு நட்டு வளர்வதுதான். முடிக்கொத்து நோய் வந்தபோது அந்த வாழை பெரும் பரப்பில் அழிந்தது. நோய்க்குக் காரணம் வைரஸ். அதைச் சுமந்து செல்வது வாழை அசுவினி. வைரஸ் எட்டாத குருத்து நுனியை எடுத்துத் திசு வளர்ப்பு முறையில் கன்று உண்டாக்கியே மலைவாழையை மீட்க முயன்றார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கீழ்மலையின் தடியன்குடிசையிலேயே இருக்கிறது. பாலிலா இனப்பெருக்கம், வைரஸ், நோய்க்கடத்தி, திசு வளர்ப்பு ஆகிய நான்கு பாடங்களும் ஒரு வாழைத் தோப்பில் அடங்குகின்றன.

பட்டர் ஃப்ரூட் மரம் இன்னொன்று. அதன் பூ இருமுறை விரியும். முதலில் பெண்ணாக, மூடித் திறந்து பின்னர் ஆணாக. தன் மகரந்தச் சேர்க்கையைத் தவிர்க்கும் இந்த ஏற்பாட்டை 'இருகால முதிர்வு' என்று புத்தகம் ஒரு வரியில் சொல்லிப் போகிறது. தாண்டிக்குடிப் பக்கம் வீட்டுக்கொல்லையில் அதைக் காலையிலும் மாலையிலும் நின்று பார்க்கலாம். மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் 1965 முதல் இயங்குகிறது. கலப்பினம், தெரிவு, உட்கலப்பு என்ற மரபியல் சொற்கள் அங்கே ஆடாகவும் முயலாகவும் நடமாடுகின்றன. மாஸ், லிவர்வொர்ட், பெரணி, பைன் மரத்தின் கூம்பு, மரப்பட்டையில் தொங்கும் லைக்கன் எல்லாம் சமவெளிப் பள்ளியில் ஃபார்மலின் ஜாடியில் இருக்கும்; மலையில் பள்ளிக்கு நடக்கும் பாதையில் இருக்கும்.

பாடம் பிழையாகக் கற்கப்படும் இடத்தைத் திருத்துவதற்கும் மலை உதவுகிறது. சூழலியல் பாடத்தில் புல்வெளி மெல்ல மெல்லக் காடாகும், காடே உச்சநிலை என்று மாணவர் பொதுவாகப் பதித்துக்கொள்கிறார். பழனி மலையின் உச்சிகளில் சோலையும் புல்வெளியும் பக்கத்தில் பக்கத்தில் நீண்டகாலம் நிலைத்திருந்தன. புல்வெளி, காடாகத் தவறிய நிலம் அல்ல. உறைபனியும் தீயும் மண்ணும் காத்துவந்த தனிச்சூழல். நீலகிரியின் சதுப்பு மண்ணில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து 1993இல் வெளிவந்த ஆய்வு, சி3 தாவரங்களும் சி4 புற்களும் இருபதாயிரம் ஆண்டுகளில் மாறிமாறி ஓங்கியதைக் காட்டியது. சி3, சி4 என்பவை ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் மனப்பாடம் செய்யப்படும் அதே சொற்கள்தாம். புல்வெளியைத் தரிசு என்று எண்ணி அங்கே வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் நட்டதன் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018இல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரியும் காட்சி இது.

பரிணாமத்துக்கு டார்வினின் காலபாகஸ் குருவிகளைச் சொல்லாத புத்தகம் இல்லை. சோலை ஓரத்தில் கத்தும் பழனிச் சிரிப்பானைச் சொல்கிற டியூஷன் அபூர்வம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே பழனி, ஆனைமலையில் இன்னொன்று, இன்னும் தெற்கே அகத்தியமலைப் பக்கம் வேறொன்று. தாழ்ந்த கணவாய்கள் குறுக்கே கிடப்பதால் குளிர்ந்த உச்சியைவிட்டு இறங்காத பறவைகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனி இனமாயின. இந்தச் சிரிப்பான்களை மரபணு அடிப்படையில் ஒரு தனிப் பேரினமாகப் பிரித்தது 2017இல்தான். இடத்தால் பிரிந்து இனம் பிரிதலுக்கு இதைவிடக் கிட்டத்தில் சான்று கிடையாது.

மலையில் ஆய்வு மரபு இல்லை என்பதும் சரியல்ல. ராபர்ட் வைட் 1836இலேயே இங்கு வந்து தாவரங்களைக் குறித்தார். சென்னை மாநிலக் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்கள் பற்றிய நூலை 1915 முதல் வெளியிட்டார். செண்பகனூரில் 1895இல் தொடங்கிய சேசு சபைக் கல்லூரி இயற்கை அருங்காட்சியகம் ஒன்றை வளர்த்தது. அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆங்கிலாத் மலைத்தாவரங்களை ஓவியமாக வரைந்து குவித்தார். அருட்தந்தை கே.எம். மாத்யூ 1999இல் பழனி மலைத் தாவரங்களை மூன்று தொகுதிகளாகத் தந்தார். பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985 முதல் இருக்கிறது. 2013இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவும் நடந்த இடத்தைப் பயாலஜிக்கு வசதி இல்லாத இடம் என்பது, ஆற்றங்கரையில் நின்று தண்ணீருக்கு லாரி கேட்பதற்குச் சமம்.

ஆள் யார், ஆளை எப்படிப் பார்ப்பது

கோச்சிங் சென்டர் என்று தேடினால் மலையில் கிடைப்பது குறைவு. விடைத்தாளைப் படித்துத் திருத்தக்கூடிய ஓர் உயிரியல் பட்டதாரி என்று தேடினால் நிலைமை வேறு. ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்கள், தாவரவியலோ விலங்கியலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு மணமாகி மலைக்கு வந்து வீட்டில் இருக்கும் பெண்கள், 1984 முதல் கொடைக்கானலில் இயங்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் ஆய்வும் செய்பவர்கள், விடுமுறைக்கு வீடு வரும் மருத்துவ, வேளாண் கல்லூரி மாணவர்கள் ஆகியோர் இந்தத் தேடலுக்குள் வருவார்கள். பணியில் உள்ள ஆசிரியரைக் காசு கொடுத்துத் தனிப்பயிற்சிக்கு அழைப்பது முறையல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. ஆனால் அதே ஆசிரியரிடம் பள்ளி நேரத்தில் சந்தேகம் கேட்பது மாணவரின் உரிமை. அதைக் கேட்காமலே டியூஷன் தேடுவது, வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்காமல் அடுத்த ஊருக்குக் குடத்தோடு போவது.

ஆளைத் தேர்ந்தெடுக்கப் பட்டமும் பழைய மாணவரின் மதிப்பெண் பட்டியலும் போதாது. பட்டியலில் தேறியவர் பெயர்தான் இருக்கும். சேர்ந்து தேறாமல் போனவர் எத்தனை பேர் என்று இருக்காது. நான்கு சிறு சோதனைகள் அதைவிட அதிகம் சொல்லும்.

மாணவர் பள்ளியில் எழுதிய பழைய விடைத்தாள் ஒன்றை முதல் நாளே ஆசிரியரிடம் கொடுக்கலாம். 'இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்' என்று திருப்பித் தருகிறவர் வேண்டாம். மூன்றாம் கேள்வியில் நெஃப்ரான் தெரிந்திருக்கிறது, ஆனால் வடிகட்டலும் மீள் உறிஞ்சலும் எங்கே நடக்கின்றன என்று இடம் மாறியிருக்கிறது என்று சொல்கிறவர் வேண்டும்.

அடுத்து, புத்தகத்தில் நேரடி விடை இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கலாம். காட்டெருமை ஊருக்குள் வந்து புல் மேய்கிறதே, அதன் வயிற்றில் செல்லுலோஸை யார் உடைக்கிறார்கள், மனிதருக்கு ஏன் அது முடியாது என்று கேட்டுப் பார்க்கலாம். தெரிந்தால் நுண்ணுயிரிகளின் கதையாக விரியும். தெரியாவிட்டால் 'பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்' என்ற பதில் வந்தாலும் சரி. 'இது பரீட்சைக்கு வராது' என்ற பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, ஒரு படத்தைப் பேசிக்கொண்டே வரையச் சொல்லலாம். இதயமோ, மகரந்தப் பையின் குறுக்குவெட்டோ எதுவானாலும், வரையும் வரிசையிலேயே ஆசிரியரின் புரிதல் தெரிந்துவிடும். நான்காவதாக, அடுத்த நான்கு வாரத்துக்கு என்ன திட்டம் என்று கேட்கலாம். 'ஃபுல் போர்ஷன் முடித்துவிடலாம்' என்பது திட்டம் அல்ல. எந்த அத்தியாயம், எத்தனை கேள்வி, எந்த நாளில் தேர்வு, தவறியதை எப்போது திருப்பிப் பார்ப்பது என்று சொல்வதுதான் திட்டம்.

வாரத்துக்கு எத்தனை நாள் என்பதிலும் மிகை வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒருவர் என்றால் வாரம் இரண்டு வகுப்பும் ஒரு தேர்வும் போதும். மீதி நாளில் மாணவர் தனியே உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த நேரத்தையும் டியூஷன் தின்றுவிட்டால் கேட்டது எதுவும் தங்காது. வகுப்பு வீட்டுக் கூடத்திலோ ஆள் நடமாட்டம் உள்ள இடத்திலோ நடப்பது இரு தரப்புக்கும் நல்லது.

தமிழ்வழி மாணவர்

மேல்மலை, கீழ்மலை அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்வழி மாணவர்கள். இவர்களைக் கீழே அனுப்பும்போது ஒரு கூடுதல் இழப்பு நேர்கிறது. கோச்சிங் சென்டரின் பேச்சு, குறிப்பு, வினாத்தாள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாடத்தோடு மொழியையும் சேர்த்துக் கடக்க வேண்டியவர் முதல் மூன்று மாதத்திலேயே பின்தங்குகிறார். அதற்குக் காரணம் அறிவுக்குறை என்று அவரே நம்பத் தொடங்குகிறார்.

தமிழில் நீட் எழுதுவதிலும் ஆபத்து உண்டு என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தர உத்தரவிட்டது; உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனவே தமிழ்வழி மாணவருக்குத் தேவை இரு மொழிக் கலைச்சொல்லையும் அருகருகே வைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர். வினாத்தாளின் தமிழ்ச்சொல் குழப்பினால் பக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லைப் பார்த்து மீள அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே நேரம் தமிழ்ச்சொல் தரும் வசதியையும் விடக்கூடாது. மியாசிஸ் என்பதைக் காதால் மட்டும் பிடித்தவர் மைட்டாசிஸோடு குழப்பிக்கொள்வார். குன்றல் பகுப்பு என்று அறிந்தவருக்குக் குரோமோசோம் எண்ணிக்கை குன்றுவது பெயரிலேயே இருக்கிறது. இப்படிச் சொல்லித்தரக்கூடியவர் மலையூரில் தமிழ்வழியில் படித்து மேலே வந்த ஒரு பட்டதாரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கீழே போக வேண்டிய இடம்

இவ்வளவும் சொன்னபின் விதிவிலக்குகளையும் சொல்ல வேண்டும். நீட்டை இலக்காகக் கொண்ட மாணவருக்கு இயற்பியலில் உதவி தேவைப்பட்டால், மலையில் அதற்கு ஆள் கிடைப்பது உண்மையிலேயே கடினம். அதற்கு இணைய வகுப்பு ஒரு வழி. இயற்பியல் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டுவதில் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. சிக்னல் போகும் மழைநாளுக்குப் பதிவு செய்த பாடங்கள் உதவும். பள்ளி முடித்தபின் மதிப்பெண் சற்றுக் குறைவாக நின்றவர் ஓராண்டு கீழே தங்கி மாதிரித் தேர்வுகள் எழுதுவதும் நியாயமான முடிவு. அப்போது அவர் வளர்ந்தவர். எதை வாங்கப் போகிறோம் என்று தெரிந்தே போகிறார்.

இணைய வகுப்புக்கு ஒப்படைக்கக் கூடாதது உயிரியலின் செய்முறையும் விடைத்தாள் திருத்தமும். திரைக்கு அப்பால் இருப்பவர் மாணவரின் ஸ்லைடைப் பார்க்க மாட்டார். அவர் எழுதிய ஐந்து மதிப்பெண் விடையில் பேனா வைத்துக் கோடு போட மாட்டார். இரண்டையும் செய்ய ஒரே ஊரில், ஒரே மேசையில் ஒருவர் வேண்டும். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே உள்ள 120 கிலோமீட்டர் பாதையில் பதினைந்து வயதுப் பிள்ளையை ஏற்றி இறக்குவதற்கு முன், பெற்றோர் எந்தத் தேர்வுக்கு உதவி தேவை என்று ஒரு தாளில் எழுதி, பழைய விடைத்தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரிலேயே நான்கு வாசலில் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த நான்கு வாசலிலும் ஆள் இல்லை என்றால்தான் கீழே போவதைப் பற்றிப் பேசலாம்.